கேஷுவால்டியிலிருந்து ஒரு சம்பவப் படிவம்கூட வருவதில்லை. நம்பலாமா?

பாளை_தரப்பிரிவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையில் தரப்பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். என்.ஏ.பி.எச். என்ற மருத்துவமனைத் தரச்சான்றின் புதுப்பிப்பு நெருங்குகிறது. வார்டு, தியேட்டர், ஐ.சி.யு. எல்லாவற்றிலிருந்தும் சம்பவப் படிவங்கள் (சிகிச்சையில் தவறோ கேடோ நேர்ந்தால் ஊழியர் எழுதித் தருவது) சுமாராகவாவது வருகின்றன. கேஷுவால்டியிலிருந்து மட்டும் மாதக்கணக்கில் எதுவும் இல்லை. எப்போதாவது வந்தால் "உறவினர் சத்தம் போட்டார்", "ஸ்ட்ரெச்சர் சக்கரம் கழன்றது" என்று இருக்கும்.

விடிய விடிய மூச்சுத்திணறல், பூச்சிமருந்து, பாம்புக்கடி, நான்குவழிச் சாலை விபத்து என்று வந்துகொண்டே இருக்கிற இடம் அது. அங்கே ஒரு மருந்துகூட மாறவில்லை, ஒருவரைக்கூடத் தாமதமாகப் பார்க்கவில்லை என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நிர்வாகத்துக்கு இதில் பெருமை வேறு. "சம்பவம்: 0" என்று சார்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

ஆட்கள் எழுதித் தராவிட்டால் வேறு எந்த வழியில் கண்டுபிடிப்பது? கேமரா வை, சம்பளத்தைப் பிடி என்ற யோசனைகள் வேண்டாம். அவை ஏற்கெனவே எங்கள் மீட்டிங்கில் வந்துவிட்டன.

இரவுப்பணி_அக்கா எழுதியது:

அந்தப் படிவம் எத்தனை பக்கம் என்று முதலில் சொல்லுங்கள் தம்பி. பல இடங்களில் வார்டுக்கு அடித்த படிவத்தையே கேஷுவால்டிக்கும் கொடுத்துவிடுவார்கள். முதல் கட்டத்திலேயே ஐ.பி. எண் கேட்கும். இன்னும் அட்மிஷனே போடாத ஆளுக்கு ஐ.பி. எண் ஏது? அடுத்த கட்டம் "மூல காரணம்". நைட் முடித்து, ஓவர் கொடுத்துவிட்டு, வள்ளியூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளை உட்கார்ந்து மூல காரணம் எழுதுமா? கடைசியில் பெயர், கையெழுத்து, பணியாளர் எண்.

படிவத்தையாவது மாற்றிவிடலாம். எழுதினால் யாருக்கு மெமோ வருகிறது என்று பாருங்கள். டாக்டர் வாயால் ஒரு டோஸ் சொன்னார், நான் போட்டேன், பின்னால் அவர் ஷீட்டில் வேறு எழுதினார் என்று ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்தால், விளக்கம் கேட்டு ஓலை அவளுக்குத்தான் வரும். ஒருத்திக்கு வந்தால் போதும், அந்த பேட்ச் முழுக்க அதற்கப்புறம் பேனாவை எடுக்காது. பதிவேடு காலி என்றால் பிள்ளைகள் விவரமாகிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடனாநதி எழுதியது:

அக்கா சொல்வது சரிதான், ஆனால் படிவத்தைச் சுருக்கினால் மட்டும் தீராது. ஒரே வரி எழுதினால் போதும், பெயர் வேண்டாம், பெட்டியில் போடு என்று வைத்த இடத்திலும் இருந்திருக்கிறேன். கொஞ்ச நாள் நிரம்பும். அப்புறம் கேன்டீன் சட்னியும் ஃபேன் சுற்றாததும்தான் பெட்டிக்குள் கிடக்கும்.

கேஷுவால்டியில் நிற்கிறவருக்குப் பல சம்பவங்கள் சம்பவமாகவே தெரியாது. நோயாளி கொஞ்ச நேரத்தில் வார்டுக்கோ, வேறு ஊருக்கோ, வீட்டுக்கோ போய்விடுகிறார். போன இடத்தில் என்ன ஆனார் என்று இங்கே யாருக்குத் தெரியும்? தெரியாததைப் பயமில்லாமல் எழுது என்றாலும் எப்படி எழுதுவது?

சி.எம்.ஓ_ஓய்வு எழுதியது:

கடனாநதி தொட்ட இடத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் பாளைக்காரரின் கேள்விக்கு நேர் பதில்.

எழுதிக் கொடுப்பதை நம்பாமல், ஏற்கெனவே எழுதி வைத்ததில் தேடுகிற முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஐ.எச்.ஐ. என்ற அமைப்பு பரப்பிய "குளோபல் டிரிகர் டூல்". முடிந்துபோன கேஸ் ஷீட்டுகளில் மாதம் 20 எடுக்க வேண்டும். குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும், தெரிந்த கேஸைப் பொறுக்கக் கூடாது. பயிற்சி பெற்ற இரண்டு பேர், பெரும்பாலும் நர்ஸ்கள், தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒரு ஷீட்டுக்கு 20 நிமிடம்தான். முழுக்கப் படிப்பதில்லை. கையில் டிரிகர்களின், அதாவது தடயக் குறிகளின், பட்டியல் ஒன்று இருக்கும்: நாலாக்சோன் போட்டிருக்கிறதா, வைட்டமின் கே போயிருக்கிறதா, சர்க்கரை திடீரென்று தாழ்ந்ததா, எதிர்பாராமல் ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்களா, இப்படி. பட்டியலில் உள்ளது கண்ணில் பட்டால் அங்கே நின்று முன்னும் பின்னும் படிப்பார்கள். டிரிகர் கிடைத்ததும் தவறு நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நோயாளிக்குக் கேடு நேர்ந்ததா என்று இரண்டு பேரும் ஒத்துப்பேசி, கடைசியில் ஒரு டாக்டர் பார்த்து உறுதிசெய்வார்.

இதனால் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2011இல் டேவிட் கிளாசன் குழுவினர் "ஹெல்த் அஃபேர்ஸ்" இதழில் எழுதினார்கள். மூன்று மருத்துவமனைகள், 795 கேஸ் ஷீட்டுகள். டிரிகர் முறை பிடித்த கேடுகள் 354. அதே ஷீட்டுகளில் ஊழியர்கள் தாமாக எழுதிக் கொடுத்து வெளிவந்தவை 4. நோயாளிப் பாதுகாப்புக்கு நிறையப் பாடுபட்டதாகப் பெயர் எடுத்த பெரிய மருத்துவமனைகள் அவை. அங்கேயே 4 என்றால், உங்கள் கேஷுவால்டியின் பூஜ்யம் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அந்தக் கணக்கு உள்நோயாளிகளைப் பற்றியது. கேஷுவால்டிக்கு அப்படியே ஒட்டாது. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கிரிஃபி என்பவரின் குழு அவசரப் பிரிவுக்கென்றே தனிப் பட்டியலைச் சோதித்துச் சீர்செய்தது. அவர்கள் வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்று. நோயாளி வாசலுக்கு வரும்போதே கொண்டுவந்த கேடு வேறு, உள்ளே வந்தபின் நேர்ந்த கேடு வேறு என்று பிரித்தார்கள். முன்பு கொடுத்த மருந்தாலோ முன்பு செய்த சிகிச்சையாலோ கெட்டுப்போய் வருபவர்கள் முதல் வகை. நம் பக்கத்துக்கு இந்தப் பிரிவினை ரொம்பப் பொருந்தும். ஏன் என்று சொல்கிறேன், இப்போது வீட்டில் கூப்பிடுகிறார்கள்.

அம்பை_பார்மசி எழுதியது:

டாக்டர் சொன்ன பட்டியலை அப்படியே அச்சடித்து ஒட்டினால் இங்கே பாதி பலிக்காது. மருந்துப் பக்கமிருந்து சொல்கிறேன்.

நாலாக்சோன்: நம்மூர் கேஷுவால்டிகளில் மார்ஃபின் வகை மருந்து போவதே குறைவு, அதனால் அதை முறிக்கிற இந்த மருந்தும் அசையாது. வருடம் முழுக்கப் பார்த்தாலும் டிரிகர் அடிக்காது.

வைட்டமின் கே: அங்கே ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் அதிகமாகிப் போனதற்கு அடையாளம். இங்கே எலி பேஸ்ட் சாப்பிட்டு வருபவர்களுக்குப் போடுகிறோம். டிரிகர் அடித்துக்கொண்டே இருக்கும், சம்பவம் ஒன்றும் இருக்காது.

ஏவில், எஃப்கார்லின் (ஒவ்வாமைக்கான ஊசிகள்): இதைப் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். குளிர் நடுக்கம், தடிப்பு, பூச்சிக்கடி, "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லாவற்றுக்கும் போகிற ஊசி. இதைத் துரத்தினால் உங்கள் இரண்டு நர்ஸ்களும் ராஜினாமா செய்வார்கள்.

நான் வைக்கச் சொல்வது 25 சத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் ஊசி. சர்க்கரை தாழ்ந்தே வந்தவருக்குப் போட்டால் அது வரும்போதே இருந்த கணக்கு. இங்கே வந்து இன்சுலின் போட்ட அப்புறம் தேவைப்பட்டால் நமது கணக்கு. அடுத்தது அட்ரினலின், கடும் ஒவ்வாமைக்குப் போடுவது. ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் அட்ரினலின் போயிருந்தால் நின்று படியுங்கள். பாம்புக்கடியைத் தனி வரிசையில் வையுங்கள். விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, ஒவ்வாமை வருவது எதிர்பார்த்ததே. முன்கூட்டியே கொஞ்சம் அட்ரினலின் போடுவதும் உண்டு.

இன்னொன்று. ஷீட்டைப் படிப்பதற்கு முன்னால் ட்ரேயை எண்ணுங்கள். எமர்ஜென்சி ட்ரேயில் குறைந்த ஆம்ப்யூலையும் (ஊசிமருந்துக் குப்பி) ஷீட்டில் எழுதிய ஆம்ப்யூலையும் ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். அந்த இடைவெளியில் உடைந்த ஆம்ப்யூலும் இருக்கும், எழுதாமல் போட்டதும் இருக்கும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை உறிஞ்சிப் பாதியில் கவனித்துக் குப்பையில் போட்டதும் இருக்கும். கடைசியாகச் சொன்னதுதான் நீங்கள் தேடுகிற நியர் மிஸ், நோயாளியைத் தொடுவதற்குள் தப்பிய தவறு. அதை யாரும் படிவத்தில் எழுதமாட்டார்கள்.

இரவுப்பணி_அக்கா எழுதியது:

அண்ணாச்சி, அட்ரோபினை விட்டுவிட்டீர்களே. பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாள் அவர் சுவரைப் பிறாண்டுவார், இல்லாத ஆளோடு பேசுவார், உடம்பு கொதிக்கும். "விஷம் மண்டைக்கு ஏறிவிட்டது" என்று சொந்தக்காரர்கள் அழுவார்கள். பல நேரம் அது அட்ரோபின் அதிகமானது. கை காலைக் கட்டினோம் என்று நர்ஸ் குறிப்பில் இருந்தால் அதை டிரிகராக வைக்கலாம்.

அம்பை_பார்மசி எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கேஷுவால்டியில் ஆரம்பித்த டோஸ் வார்டில் குறைக்கப்படாமல் ஓடியதா, கேஷுவால்டியிலேயே அதிகமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பச்சைமண்டல_டாக்டர் எழுதியது:

இந்த இழை மருந்திலேயே சுற்றுகிறது. கேஷுவால்டியின் பெரிய சம்பவம் மருந்து மாறுவது இல்லை, நோயைத் தவறவிடுவது. அதற்கு எந்த ஆம்ப்யூலும் குறையாது.

பிசான அறுப்பு நேரத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விடியற்காலை ஒருவர் வயிற்றுவலி, வாந்தி என்று வருவார். தரையில் படுத்துத் தூங்கியிருப்பார். கட்டுவிரியன் கடித்த தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது, வீக்கமும் இருக்காது. வயிற்றுக்கு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். வெயில் ஏறும்போது கண்ணிமை தூக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் திரும்பி வருவார். சில பேர் திரும்பி வருவதற்குள் மூச்சு நின்றுவிடும். அவருடைய முதல் ஓ.பி. சீட்டில் என்ன இருக்கும்? "வயிற்றுவலி, ரேனிடிடின், வீட்டுக்கு." டிரிகர் எங்கே?

கண்ணாடி விரியன் என்றால் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் அசைக்காமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் வைத்தாலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் வைத்தாலோ உறையும் ரத்தம்கூட உறையாததுபோலக் காட்டும். தேவையில்லாமல் 10 குப்பி விஷமுறிவு மருந்து போகும். ஷீட்டில் "உறையவில்லை" என்றுதான் இருக்கும், குழாய் எது என்று இருக்காது. கேஸ் ஷீட்டைப் படித்து இதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சி.எம்.ஓ_ஓய்வு எழுதியது:

குழாய் விஷயத்தை ஷீட்டில் பிடிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு நேரில் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். ட்ராலியில் கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும்.

தவறவிட்ட நோயைப் பிடிக்க வழி உண்டு. இரண்டு கேள்விகள் போதும். வீட்டுக்கு அனுப்பியவர் 72 மணி நேரத்துக்குள் அதே தொந்தரவோடு திரும்பி வந்தாரா? இது என்.ஏ.பி.எச். கேட்கிற குறியீடுதான், பாளைக்காரர் ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டாவது, முதலில் பச்சை, அதாவது அவசரமில்லை, என்று பிரிக்கப்பட்டவர் அன்றோ மறுநாளோ ஐ.சி.யு. போனாரா, இறந்தாரா? அரசு மருத்துவமனைகளில் "தாய்" (TAEI) என்ற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்ததிலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது நடக்கிறது. பச்சைப் பட்டியலையும் ஐ.சி.யு. பதிவேட்டையும் பக்கத்தில் வைத்தால் தானாக வெளிவரும்.

ஆனால் இங்கேதான் கடனாநதி சொன்னது வந்து இடிக்கிறது. நம் பக்கத்தில் எந்த நோயாளி அதே மருத்துவமனைக்குத் திரும்பி வருகிறார்? திசையன்விளையில் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் மறுநாள் மோசமானால் அங்கே போகமாட்டார். "அங்கே பார்த்தும் கேட்கவில்லை" என்று நாகர்கோவிலுக்கோ பாளை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ போவார். களக்காட்டுக்காரர் பாளையங்கோட்டைக்கு வருவார். கடையத்துக்காரர் தென்காசிக்கோ அம்பைக்கோ போவார். முதல் இடத்தின் 72 மணி நேரக் கணக்கில் அவர் இல்லவே இல்லை. அங்கே அவர் குணமாகிப் போன நோயாளி. எவ்வளவு மோசமாகத் தவறவிட்டார்களோ அவ்வளவு தூரம் தள்ளிப் போவார் என்பதால், நல்ல மருத்துவமனையைவிட மோசமான மருத்துவமனைக்கு இந்தக் குறியீடு அழகாக இருக்கும்.

ஆக, தவறு நடந்த இடம் ஒன்று, அது கண்ணில் படுகிற இடம் இன்னொன்று. இரண்டாவது இடத்து டியூட்டி டாக்டருக்கு முழுசாகத் தெரியும். வாய்க்குள் ஒரு வசவு, அப்புறம் அடுத்த கேஸ். முதல் இடத்துக்கு போன் போட்டு யாரும் சொல்வதில்லை. கிரிஃபி குழு பிரித்த "வரும்போதே இருந்த கேடு" பட்டியலை பாளைக்காரர் எடுத்தால், அது அவருடைய மருத்துவமனையைப் பற்றியதாக இருக்காது, மாவட்டத்தின் மற்ற எல்லா வாசல்களையும் பற்றியதாக இருக்கும். அதேபோல அவருடைய மருத்துவமனையின் சம்பவங்கள் வேறு யாரோ ஒருவரின் கேஸ் ஷீட்டில் கிடக்கும்.

பைலட்_108 எழுதியது:

டாக்டர் சொல்வதை தினம் பார்க்கிறோம் சார். 2008இலிருந்து இந்த 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. விபத்து இடத்திலிருந்து எடுப்பதைத் தவிர, ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற கேஸும் எங்களுக்கு நிறைய. ரெஃபர் சீட்டில் "மேல் சிகிச்சைக்காக" என்று ஒரு வரி. என்ன ஊசி போட்டார்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று இருக்காது. எங்கள் இ.எம்.டி. (வண்டியில் வருகிற மருத்துவ உதவியாளர்) கேட்டால் "சீட்டில் இருக்கு" என்பார்கள். சீட்டில் இருக்காது. இறக்குகிற இடத்தில் அதே ஊசியை மறுபடி போடுவதற்கு எத்தனை நேரம் ஆகும் சார்?

சில சமயம் தாழையூத்து தாண்டும்போது சொந்தக்காரர்கள் "வேறு ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்பார்கள். ரெஃபர் பண்ணிய இடம் போன் பண்ணிச் சொல்லி வைத்தது ஒரு இடத்துக்கு, ஆள் போவது இன்னொரு இடத்துக்கு.

எங்களிடம் ஒரு தாள் இருக்கிறது. எடுத்த நேரம், பி.பி., நாடி, ஆக்சிஜன் அளவு, இறக்கிய நேரம் எல்லாம் இ.எம்.டி. எழுதுவார். இறக்குகிற இடத்தில் கையெழுத்து வாங்குவோம். அப்புறம் அதை யாரும் எடுத்துப் படித்ததாக நான் பார்த்ததில்லை.

பாளை_தரப்பிரிவு எழுதியது:

பைலட் அண்ணே, அந்தத் தாளை எங்கள் ஷீட்டோடு பின் பண்ணி வைக்கச் சொல்லலாமா? வண்டியில் 88 இருந்த ஆக்சிஜன் எங்கள் முதல் குறிப்பில் 97 என்று இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எங்கள் முதல் குறிப்பு எத்தனை நிமிடம் கழித்து எழுதப்பட்டது என்பதும் தெரிந்துவிடும்.

பைலட்_108 எழுதியது:

போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் சார். தாள் எங்களுக்கு வேண்டும்.

ராதாபுரம்_மகன் எழுதியது:

நான் மருத்துவத் துறை இல்லை. தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது. எழுதலாமா என்று தெரியவில்லை.

அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சை அடைக்கிறது என்றார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனோம். கொஞ்ச நேரம் உட்காரவைத்து இ.சி.ஜி. எடுத்தார்கள். வாயுத் தொல்லைதான் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். விடிந்ததும் வியர்த்துக் கொட்டியது, வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஹார்ட் அட்டாக் என்றார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் முன்னைப்போல நடக்க முடியவில்லை. இரண்டாவது ஆஸ்பத்திரியில் அந்தப் பழைய இ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார், இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சண்டை போடவில்லை. அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. யாராவது மூன்றாம் நாள் போன் பண்ணி "அப்பா எப்படி இருக்கிறார்" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

நெறியாளர்:

மருத்துவமனை, மருத்துவர் பெயர்களைத் தவிர்த்ததற்கு ராதாபுரம் நண்பருக்கு நன்றி. பெயர் குறிப்பிட்ட வேறொரு பதிலை நீக்கியிருக்கிறேன். அவரவர் ஊகங்களையும் தவிர்க்கவும்.

சி.எம்.ஓ_ஓய்வு எழுதியது:

தம்பி, எழுதியது நல்லது. அப்பாவுக்கு மாத்திரை விடாமல் கொடுங்கள், நடை மெல்ல மெல்லத் திரும்பும், கார்டியாலஜி ஓ.பி.யைத் தவறவிடாதீர்கள்.

உங்கள் கையில் பழைய இ.சி.ஜி. இருந்தது பெரிய விஷயம். இங்கே எல்லோருக்கும்: கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதி. கேட்பதற்கு வழக்குப் போட வேண்டியதில்லை.

பாளைக்காரருக்கு: நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவு. ஓ.பி. சீட்டின் நேரத்தையும் இ.சி.ஜி. தாளில் அச்சான நேரத்தையும் கழித்தால் தாமதம் தெரியும் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். போய்ப் பாருங்கள், இ.சி.ஜி. மெஷினில் போன வருடத்துத் தேதி ஓடும். ஓ.பி. கணினி ஒரு நேரம், சுவர்க் கடிகாரம் ஒரு நேரம், டாக்டர் கைக்கடிகாரம் இன்னொரு நேரம். கண்டுபிடிக்கும் வேலையை ஆரம்பிப்பதற்கு முன் எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றாக்குங்கள். செலவே இல்லாத வேலை, யாரும் செய்யமாட்டார்கள்.

கோர்ட்_வாசல் எழுதியது:

நான் வக்கீல். எல்லோரும் கண்டுபிடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், கண்டுபிடித்ததை எழுதி வைத்தால் அது என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 106ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், வேறொரு மருத்துவரின் நடுநிலைக் கருத்து இல்லாமல் குற்ற நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று வேலி போட்டது உண்மை. ஆனால் உங்கள் தரப்பிரிவு எழுதிய "எங்களால் கேடு நேர்ந்தது" என்ற தாளுக்கு அந்த வேலி கிடையாது. அமெரிக்காவில் 2005இலேயே நோயாளிப் பாதுகாப்புக்காகச் சேகரிக்கும் தகவலை வழக்கிலிருந்து காக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். இங்கே அப்படி ஒன்று இல்லை. நீங்கள் நல்லெண்ணத்தோடு எழுதுவது நாளை எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இருக்கும். நானே கேட்டு வாங்குவேன்.

பச்சைமண்டல_டாக்டர் எழுதியது:

இதுதான் நிஜமான தடை. டூல், டிரிகர் எல்லாம் அப்புறம். வாசலில் நாற்பது பேர் நிற்கும்போது அடி வாங்காமல் வீட்டுக்குப் போனால் போதும் என்று இருக்கிற இடத்தில், என் ஷீட்டைக் குலுக்கல் போட்டு எடுத்துப் படிப்பார்கள் என்றால் நான் ஷீட்டில் குறைவாகத்தான் எழுதுவேன்.

இரவுப்பணி_அக்கா எழுதியது:

குறைவாக எழுதினால் உங்களைத்தான் கடிக்கும் டாக்டர். "எழுதவில்லை என்றால் செய்யவில்லை" என்று கோர்ட்டில் கேட்பார்கள்.

சி.எம்.ஓ_ஓய்வு எழுதியது:

வக்கீல் சார் சொல்வதை மறுக்கமாட்டேன். ஆனால் நம் மாநிலத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அந்த மரணத்தை அலசாமல் விடுவதில்லை. வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரைக் கேட்டு எழுதுகிறார்கள். எந்த ஊரில் எத்தனை மணிக்கு வலி வந்தது, முதலில் எங்கே போனார்கள், எங்கிருந்து எங்கே ரெஃபர் ஆனது, வண்டி எப்போது வந்தது என்று வாசலுக்கு வாசல் தொடர்ந்து போகிறார்கள். மாவட்டத்தில் கலெக்டர் முன்னால் வைத்துப் பேசுகிறார்கள். அதிலும் டாக்டர்களைத் திட்டி அனுப்பிய கூட்டங்கள் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனாலும் ஒரு மருத்துவமனையின் எல்லையோடு நிற்காமல் நோயாளி போன பாதையிலேயே போகிற விசாரணை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கேஷுவால்டிக்கு வேண்டியது அதே பாதை. ஒவ்வொரு கேஸுக்கும் கலெக்டர் வேண்டாம். ரெஃபர் பண்ணிய இடமும் வாங்கிய இடமும் மாதம் ஒரு முறை பேசினாலே போதும்.

எழுதுவதைப் பற்றி: பெயர், ஐ.பி. எண், பணியாளர் பெயர் எதுவும் ஆய்வுத் தாளில் வேண்டாம். "மூன்றாவது மாதம், நெஞ்சுவலி, இ.சி.ஜி. தாமதம், கேடு உண்டு" என்று மட்டும் இருக்கட்டும். குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியதை வேறு வழியில், நேரில், மூத்த டாக்டர் சொல்லட்டும்.

கோர்ட்_வாசல் எழுதியது:

பெயர் இல்லாத தொகுப்புத் தாள் என்றால் என் வேலை கடினமாகும். நேரில் சொல்வது பற்றி இன்னொன்று. என்னிடம் வருகிற குடும்பங்களில் பல பேர் பணத்துக்கு வருவதில்லை. என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை என்ற கோபத்தில் வருகிறார்கள். ராதாபுரம் நண்பரைப்போலப் பேசாமல் இருப்பவர்கள் அதிகம்.

கடனாநதி எழுதியது:

மருந்தால் வந்த கேடு என்றால் மருத்துவமனைக்கு வெளியே சொல்ல ஒரு வழி இருக்கிறது, யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மருந்துப் பக்கவிளைவு கண்காணிப்புத் திட்டம் 2010இலிருந்து நடக்கிறது. இலவச எண் 1800-180-3024. நோயாளியே கூடச் சொல்லலாம். தவறு யாருடையது என்று அந்தப் படிவம் கேட்பதில்லை.

பாளை_தரப்பிரிவு எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆரம்பிக்கப் போவதை எழுதுகிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

கடிகாரங்களை முதலில் ஒன்றாக்குகிறேன். டிரிகர் பட்டியலில் 25 சத டெக்ஸ்ட்ரோஸ், பாம்புக்கடி அல்லாத அட்ரினலின், கை கால் கட்டியது, பச்சையிலிருந்து ஐ.சி.யு., கேஷுவால்டியில் மரணம், இவ்வளவுதான் இப்போதைக்கு. கேஷுவால்டி ஷீட் இரண்டே பக்கம், 20 நிமிடம் தேவைப்படாது. அப்புறம் வீட்டுக்கு அனுப்பியவர்களில் நெஞ்சுவலி, வயிற்றுவலி, தலைவலி என்று வந்தவர்களுக்கு மட்டும் மூன்றாம் நாள் போன். "வேறு எங்காவது காட்ட வேண்டி வந்ததா" என்ற ஒரு கேள்வி. எங்களுக்கு அதிகம் ரெஃபர் செய்கிற சின்ன மருத்துவமனைகளுக்கு, வந்தவர் என்ன ஆனார் என்று வாரம் ஒரு முறை குறிப்பு அனுப்பப் போகிறேன். குற்றம் சொல்லும் தொனி இல்லாமல். அவர்களும் எங்களுக்கு அனுப்பினால் சந்தோஷம், அனுப்பாவிட்டாலும் நிறுத்தமாட்டேன்.

எம்.டி.யிடம் இன்று பேசினேன். எண்ணிக்கை கூடினால் ஆடிட்டர் என்ன நினைப்பார் என்று கேட்டார். பூஜ்யத்தைத்தான் ஆடிட்டர்கள் சந்தேகப்படுவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ராதாபுரம்_மகன் எழுதியது:

போன் நோயாளி நம்பருக்குப் போடாதீர்கள் சார். அப்பா போனை எடுக்கவே மாட்டார், எடுத்தாலும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார். கூட வந்தவர் நம்பரை வாங்கி வையுங்கள்.

இரவுப்பணி_அக்கா எழுதியது:

போன் பண்ணுகிற பிள்ளைக்கு டியூட்டி நேரத்தில் அதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டே போன் பண்ணச் சொன்னால் ஒரு வாரத்தில் எல்லோரும் "சுவிட்ச் ஆஃப்" ஆகிவிடுவார்கள், புரிகிறதா?

அம்பை_பார்மசி எழுதியது:

ட்ரே கணக்கை விட்டுவிட்டீர்கள். வேண்டுமென்றால் நாங்கள் வைத்திருக்கிற மாதிரித் தாளை அனுப்புகிறேன், ஷிஃப்ட்டுக்கு ஒரு வரிதான். தனிச் செய்தியில் உங்கள் பார்மசி இன்சார்ஜ் யார் என்று சொல்லுங்கள், அவரிடமே பேசிக்கொள்கிறேன்.